மூணு தடவை கூப்பிட்டாங்களாம்

இங்கன ஆளு வருதா தாயி? வரலைன்னா நான் ஜன்னலோரம் உக்காந்துக்கிறேன். காத்து மூஞ்சியில அடிச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கும். பையை மேல வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள சூடம் இருக்கு. பெரிய கட்டி, சாமி காரியத்துக்கு.

நீ எதுவரைக்கும்? தேனியா? நான் ஆண்டிபட்டி. ஆண்டிபட்டி வந்தா ஒரு வார்த்தை சொல்லு. முழிச்சுத்தான் இருப்பேன், இருந்தாலும் சொல்லு. மதுரைக்கு என்னா சோலியா வந்த? பேப்பர் திருத்தவா? பெரிய பரிச்சைப் பேப்பரா? அப்ப டீச்சரு. சரி சரி. ஒண்ணு கேக்குறேன், திருத்துறப்ப அந்தப் பிள்ளை யாரு, எந்த ஊரு, யாரு பெத்ததுன்னு உனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல, நம்பரு மட்டுந்தான? அப்படித்தான் இருக்கணும் தாயி. அதுதான் நியாயம். இந்த ஒரு வருசமா எனக்குத்தான் அப்படி ஒரு ஆளு கெடைக்கலை.

என் கண்ணைப் பாக்குற. எல்லாரும் பாக்குறதுதான். அழுது செவந்த கண்ணு இல்ல. தூக்கமில்லாத கண்ணு. ரெண்டு வருசமாத் தூக்கமில்ல. ஒரு நா, ஒரு பொழுது, கண்ணு அசரலை. சிரிக்காத. நீ சிரிக்கலையா? சரி, சிரிச்ச மாதிரி இருந்துச்சு. இதைச் சொன்னா பத்துப் பேருல எட்டுப் பேரு சிரிச்சுட்டாங்க, அதான் எல்லாரு மூஞ்சியும் எனக்குச் சிரிக்கிற மாதிரியே தெரியுது.

எங்க வீடு கூடல்நகர்ப் பக்கம், தண்டவாளத்துக்கு ரெண்டு தெரு தள்ளி. படுத்தா எல்லாம் காதுல விழும். கூட்ஸு வண்டி போறது விழும். கூர்க்கா விசிலு விழும். எதுத்த வீட்டு மாடியில குழாய் சொட்டுறது விழும். மூணரைக்குப் பால் வேன் வந்து தெருமுக்குல டப்பாவைத் தூக்கிப் போடுறது விழும். இம்புட்டையும் கேட்டுக்கிட்டு ஒருத்தி தூங்குறான்னா அது எப்படித் தூக்கமாகும்? நீ படிச்சவ, நீயே சொல்லு.

எங்க வீட்டுக்காரரு என்னா சொல்றாருங்கிற? ‘நீ குறட்டை விட்ட வள்ளி’ங்கிறாரு. என் பேரு சுந்தரவள்ளி. முதல்ல வாயால சொன்னாரு. நான் ஒத்துக்கலைன்னதும் செல்லுல படம் புடிச்சுக் காட்டுறாரு. அந்தாளு ராத்திரி எந்திரிச்சு, கண்ணாடியைத் தேடிப் போட்டு, மெனக்கெட்டுப் படம் புடிச்சிருக்காரு பாரேன். பாத்தேன். வாயைத் தொறந்துக்கிட்டுக் கெடக்கேன், கர்ருகர்ருன்னு சத்தம் வருது. எனக்கு மூக்கடைப்பு தாயி. வயசுக்கு வந்த காலத்துல இருந்து மூக்கடைப்பு. மல்லாக்கப் படுத்தாச் சத்தம் வரத்தான் செய்யும். மூக்குல சத்தம் வந்தா மனசு தூங்குதுன்னு எவன் சொன்னான்?

‘அப்ப நான் கூப்பிட்டேனே, ஏன் பேசலை’ங்கிறாரு. இந்தாளு கூப்பிட்டதுக்கெல்லாம் நான் எந்தக் காலத்துல பேசியிருக்கேன்.

வைத்தியம் பண்ணாம இல்ல. பால்ல ஜாதிக்கா உரசிக் குடின்னாங்க, குடிச்சேன். கசகசா அரைச்சுக் குடின்னாங்க, குடிச்சேன். உள்ளங்கால்ல வெளக்கெண்ணெய் தடவுன்னா ஒருத்தி. தடவிட்டு மறுநா பாத்ரூம்ல வழுக்கிப் பல்லு போகத் தெரிஞ்சுச்சு. ராத்திரி டீ குடிக்காதன்னாங்க, அதை மட்டும் என்னால விட முடியலை, குடிக்காட்டி மண்டை இடிக்கும். செல்லைப் பாக்காதன்னாங்க. நான் செல்லுல மணிதான் பாப்பேன், தூக்கம் வரலையே எத்தனை மணின்னு ஒருக்கா பாப்பேன், அப்புறம் ஒருக்கா பாப்பேன். ஒரு டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அந்த மாத்திரையை வாங்குனேன், பீரோவுல வச்சேன், ஒண்ணு கூடப் போடலை. ஏன்னு கேளு. அப்ப எங்க அத்தை படுக்கையில கெடந்தாங்க. மாத்திரையைப் போட்டு நான் அசந்துட்டா அவங்களை யாரு பாக்குறது?

அத்தைன்னா மாமியா. வெள்ளைத்தாயின்னு பேரு. வலது கையும் காலும் வாதத்துல இழுத்துக்கிருச்சு. எட்டு மாசம். நாந்தான் குளிப்பாட்டுனேன், நாந்தான் ஊட்டுனேன், மத்ததும் நாந்தான். ராத்திரி அவரு மாடியில படுத்துக்கிருவாரு, நான் கட்டிலை ஒட்டிப் பாயைப் போட்டுப் படுத்துக்கிருவேன். கையை நீட்டுனா கட்டில் காலு. அம்புட்டுப் பக்கம்.

நல்லவங்க தாயி. மாமியாளை இப்படிச் சொல்றாளேன்னு பாக்காத. கல்யாணமான ஆறாம் மாசம் எங்கம்மா செத்துப்போச்சு. பதினாறு முடிச்சு நான் திரும்பி வர்றேன், அத்தை ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலை. என்னைய உக்கார வச்சு, தலைக்கு எண்ணெய் வச்சு, சூடு பறக்கத் தேய்ச்சு விட்டாங்க. அன்னைக்கு அழுதேன் பாரு, எங்கம்மா செத்த அன்னைக்குக்கூட அப்படி அழுகலை. இருபத்தெட்டு வருசத்துல ஒரு நா குரலை ஒசத்தி என்னையக் கூப்பிட்டதில்ல. மெதுவா ‘வள்ளி’ம்பாங்க. அவ்வளவுதான். அடுப்படியில மிக்ஸி ஓடிக்கிட்டு இருந்தாலும் எனக்குக் கேட்டுரும்.

அவங்க கூப்பிட்டு நான் போகாம இருப்பனா? சொல்லு. இதுதான் தாயி என் கேள்வி. இந்த ஒரு கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க.

கண்டக்டரு வர்றாரு, சில்லறை வச்சிருக்கியா? எனக்கு ஆண்டிபட்டி ஒண்ணு குடுங்க. அங்க பாரு, அந்தப் பூக்காரம்மா கூடைக்கு லக்கேஜ் போடணுங்கிறாரு, அது முடியாதுன்னு மல்லுக்கட்டுது. நல்லாக் கேளு ஆத்தா, விடாத.

எங்க விட்டேன்? போன சித்திரை. அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன். எந்திரிக்கிறேன்னா என்னா, முழிச்சுத்தான் கெடக்கேன், பால் வேன் வந்துட்டுப் போனதையும் கேட்டேன். லைட்டைப் போட்டாக் கட்டில்ல அத்தை இல்ல. கட்டிலுக்கும் செவத்துக்கும் நடுவுல கெடக்காங்க. கண்ணைத் தொறந்து என்னையவே பாத்துக்கிட்டுக் கெடக்காங்க. ஒரு வார்த்தை பேசலை. பாத்ரூம் போகணும்னு தானா எந்திரிச்சுருக்காங்க. இடுப்பெலும்பு போச்சு. ஆஸ்பத்திரியில பதினோரு நா இருந்தாங்க, அப்புறம் போய்ச் சேந்துட்டாங்க.

அத்தோட போயிருந்தா விதின்னு அழுதுட்டு விட்டிருப்பேன். பதினாறாம் நாளு, பந்தி நடக்குது, சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் எலை முன்னாடி உக்காந்திருக்காக. நான் ரசவாளியோட நிக்கிறேன். எங்க நாத்துனா பாண்டிச்செல்வி, எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி, எந்திரிச்சு நின்னு சொல்றா: “எங்கம்மா சாகுறதுக்கு மொத நா எங்கிட்டச் சொல்லுச்சு. மூணு தடவை கூப்பிட்டேன், வள்ளி எந்திரிக்கலைன்னு. எங்கம்மா ராத்திரி பூராத் தரையில கெடந்திருக்கு. பக்கத்துல இவுக தூங்கியிருக்காக.”

வாளியை அங்கனயே வச்சுட்டேன். நான் சொன்னேன், “செல்வி, நான் தூங்கலை. நாந் தூங்குறதே இல்லைன்னு ஊருக்கே தெரியும்.” அவ சொல்றா, “அப்ப எங்கம்மா பொய் சொல்லுச்சா மதினி?”

நான் என்னா சொல்ல முடியும்? அத்தை பொய் சொன்னாங்கன்னு என் வாயால வருமா? அவங்க பொய் சொல்ற ஆளு இல்ல. நானும் தூங்குற ஆளு இல்ல. அப்ப நடுவுல எங்கயோ தப்பு நடந்திருக்கு. ஒருவேளை மனசுக்குள்ள கூப்பிட்டிருப்பாங்க. வைராக்கியம் புடிச்சவங்க, அவளை எதுக்கு எழுப்பணும்னு தானா எந்திரிச்சிருப்பாங்க. விழுந்த வலியில கூப்பிட்டதா நெனைப்பு வந்திருக்கும். நாப்பது கிலோ கூட இல்ல, விழுந்தா என்னா பெருஞ் சத்தமா வந்துரும்? சொம்பு உருண்டிருந்துச்சு, நெசந்தான். கட்டிலுக்கடியில வச்ச சொம்பு. தண்ணி பூராப் பாயில ஓடி என் முந்தானையெல்லாம் ஈரம். காலையில புழிஞ்சு விட்டேன். அதையும் கேட்டா செல்வி, ‘சேலை நனைஞ்சது கூடவா தெரியலை’ன்னு. சித்திரை வெக்கை, வேர்வையில நனைஞ்சிருக்கும்னு இருந்திருப்பேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?

அன்னையில இருந்து அவ எங்கிட்டப் பேச்சில்ல. என் கையால வளந்தவ தாயி. நான் கல்யாணமாகி வர்றப்ப அவளுக்குப் பதினோரு வயசு, என் கூடத்தான் படுத்துக்கிருவா. போன மாசம் அவ மகளுக்குச் சடங்கு வச்சா. அண்ணனுக்குப் பத்திரிகை வச்சுட்டு, நான் நிக்கிறேன், என்னையத் தாண்டிப் போயிட்டா. தாய்மாமன் சீரை அவரு தனியாக் கொண்டுபோயி வச்சுட்டு வந்தாரு. நான் வீட்டுல உக்காந்து வத்தல் காயப் போட்டேன்.

அதைக்கூடத் தாங்கிக்கிருவேன். எங்க வீட்டுக்காரரு சொல்றதுதான் எனக்குத் தாங்கலை. அந்தாளு சண்டை போடலை. ஒரு வார்த்தை குத்தலாப் பேசலை. “விடு வள்ளி. எட்டு மாசம் பாத்துருக்க. ஒரு நா அசந்துருந்தாலும் பரவாயில்ல”ங்கிறாரு. பரவாயில்லையா? பரவாயில்லைன்னு சொல்லச் சொல்லி இவருகிட்ட யாரு கேட்டா? தூங்குனவளுக்கில்ல பரவாயில்லைன்னு சொல்லணும்? தூங்காதவளுக்கு எதுக்கு மன்னிப்பு? அதைச் சொன்னா எந்திரிச்சு வாசலுக்குப் போயிருவாரு.

அதான் நானே ஒரு முடிவெடுத்தேன். மதுரையில ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேணாம், அங்க தூக்கத்துக்குன்னே டெஸ்டு வச்சிருக்காங்களாம். ஒரு ராத்திரி படுக்க வச்சு, ஒடம்பு பூரா வயரை ஒட்டி, தூங்குறமா முழிச்சிருக்கமான்னு மிஷினுலயே எழுதிருமாம். ஒருத்தரும் என்னையப் போகச் சொல்லலை. அவரு கூட வேணாம்னாரு. நாந்தான் போனேன். சுந்தரவள்ளிங்கிற பொம்பளை ஒரு நிமிசம் கூடத் தூங்கலைன்னு எழுதி முத்திரை குத்திக் குடுத்தா, அதைக் கொண்டுபோயிச் செல்வி கையில குடுத்துரலாம்ல? அதுக்குத்தான் போனேன்.

தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாதுன்னு ஏகப்பட்ட சட்டம். ஒரு சின்னப் பொண்ணு வந்து நெத்தியில, காதோரத்துல, கெண்டைக்கால்ல எல்லாம் வெள்ளை டேப்பை வச்சு வயரை ஒட்டுச்சு. அப்படியே படுத்துக் கெடந்தேன். ஏசி சத்தம் கேட்டேன், வெளிய ஆம்புலன்ஸு சத்தம் கேட்டேன், பொழுது விடியுற வரைக்கும் கெடந்தேன். காலையில அந்தப் பொண்ணு வந்து, “நல்லாத் தூங்குனீங்களாம்மா?”ங்குது. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். “நான் எங்கம்மா தூங்குனேன்?”னேன். அது ஒரு மாதிரிப் பாத்துட்டுச் சொல்லுது, “ரெண்டேகாலுக்குக் காதுகிட்ட வயரு கழண்டுருச்சும்மா. நான் உள்ள வந்து, உங்களைக் கூப்பிட்டுப் பாத்துட்டு, நீங்க எந்திரிக்கலைன்னு நானே ஒட்டிட்டுப் போனேன்.”

பொய்யி. உள்ள ஒரு ஈ வரலை. வந்தா எனக்குத் தெரியாதா? காலையில பிய்க்கிறப்பக் காதோரத்துல மட்டும் டேப்பு பழுப்புக் கலர்ல இருந்துச்சு. அது என்னமோ. முதல்லயே அதை ரெண்டு கலர்ல ஒட்டியிருப்பா. நான் என்னா கண்ணாடியிலயா பாத்தேன்.

ரிப்போர்ட்டு வந்துச்சு. ஆறு மணி நேரம் பத்து நிமிசம் தூங்குனேனாம். அஞ்சு நிமிசம் பத்து நிமிசம் இல்ல, ஆறு மணி நேரம் பத்து நிமிசம்! டாக்டரு சின்ன வயசுக்காரரு, தன்மையாத்தான் பேசுனாரு. “அம்மா, இது ஒரு வகை வியாதி. நீங்க தூங்குறீங்க, ஆனா தூங்குனது உங்களுக்குத் தெரியாது. ராத்திரி பூரா முழிச்சிருந்த மாதிரியே மூளை நெனச்சுக்கும். அங்கங்க கேட்ட சத்தத்தையெல்லாம் கோத்து வச்சுக்கும்.”

“அப்ப நான் பொய் சொல்றனா?”ன்னேன்.

“இல்லம்மா. நீங்க பொய் சொல்லலை.”

“அப்ப நான் சொல்றது உண்மை.”

“அதுவும் இல்லம்மா”ங்கிறாரு.

இது என்னா வைத்தியம் தாயி? பொய்யும் இல்லையாம், உண்மையும் இல்லையாம். அப்புறம் பெரிய மனசு பண்ணி, “உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா, இதுக்கு மருந்து இருக்கு, பழக்கவழக்கத்தை மாத்துனாலே பாதி சரியாகும்”னாரு. தப்பில்லைன்னா என்னா அர்த்தம்? தூங்கிட்டேன்னு அர்த்தம். அவங்க கூப்பிட்டாங்க, நான் கட்டையாட்டம் கெடந்தேன்னு அர்த்தம். அந்தத் தப்பில்லைங்கிற வார்த்தையை நான் கொண்டுபோயி எங்க வச்சுக்கிறது? ரிப்போர்ட்டை நாலா மடிச்சு அரிசி டப்பாவுக்கு அடியில போட்டுட்டேன். அவருகிட்டக் கூடக் காட்டலை. மிஷினு கெட்டுப்போச்சாம்னு சொல்லிட்டேன்.

மிஷினும் மனுசன் செஞ்சதுதான? ஆஸ்பத்திரின்னா வியாதி இருக்குன்னுதான் சொல்லுவாங்க, இல்லைன்னு சொன்னா அவங்க எதுக்கு இருக்காங்க? எங்க வீட்டுக்காரருக்கு அவரு தங்கச்சி வேணும். செல்விக்கு அவ அம்மா வேணும். நான் தூங்குனேன்னு சொல்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கு தாயி. உன்னைய மாதிரி ஒரு ஆளு, எனக்கு வேண்டியவளும் இல்ல வேண்டாதவளும் இல்ல, பேரு தெரியாது ஊரு தெரியாது, அப்படி ஒரு ஆளு வந்து ‘நீ தூங்குனம்மா’ன்னு சொல்லட்டும், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். இந்த நிமிசம் ஒத்துக்கிருவேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு அத்தைக்கு வருசத் தெவசம். ஆண்டிபட்டியில எங்க பூர்வீக வீட்டுல வச்சுத்தான். அவரும் எம் மகன் தினகரனும் நேத்தே போயிட்டாங்க. தினகரன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான், ஒத்தப் பிள்ளை, அதுக்குன்னு லீவு போட்டு வந்திருக்கான். போன வாரம் செல்வி சொல்லி விட்டிருக்கா. “மதினி வரட்டும். வந்து நம்ம கருப்பு கோயில்ல, சூடத்தை ஏத்தி, தினகரன் பேரைச் சொல்லி, எங்கம்மா கூப்பிடலை, நான் தூங்கலைன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா அவுக கால்ல விழுந்து நான் மன்னிப்புக் கேக்குறேன். பண்ணலைன்னா அம்மா படத்துக்கு அவுக மாலை போடக் கூடாது.”

உங்க பக்கம் இந்தச் சத்தியம் உண்டா? உள்ளங்கையால எரியுற சூடத்தை அப்படியே அடிச்சு அணைக்கணும். சாதாரண விசயத்துக்கு யாரும் அந்தப் பக்கமே போக மாட்டாக. எங்க கருப்புகிட்டப் பொய்ச்சத்தியம் பண்ணுன குடும்பம் தழைச்சதில்லம்பாங்க. எங்க பெரிய மாமனாரு அப்படித்தான், ஒரு வரப்புத் தகராறுல பொய்யாச் சூடத்தை அணைச்சாரு, ஒரே வருசத்துல ரெண்டு பிள்ளையையும் வாரிக் குடுத்தாரு. எனக்குத் தெரிஞ்சு நடந்தது.

எங்க வீட்டுக்காரரு நடுங்கிப் போயிட்டாரு. கையெடுத்துக் கும்பிடுறாரு தாயி என்னைய. “வேணாம் வள்ளி. பிள்ளை பேருல வேணாம். மாலை போடாட்டிப் போகுது”ன்னு. நான் கேட்டேன், “அப்ப உனக்கும் நான் தூங்குனேன்னுதான நெனைப்பு?” அதுக்கும் கும்பிடத்தான் செய்றாரு.

எனக்கென்னா பயம்? முழிச்சிருந்தவளுக்கு என்னா பயம்? எம் பிள்ளை தலையில அடிச்சுச் சொல்லுவேன். இந்தா, இவ்வளவு பெரிய கட்டியா நானே பாத்து வாங்கியிருக்கேன். நல்லாக் கொழுந்துவிட்டு எரியட்டும், எல்லாரும் பாக்கட்டும். அணைச்சுட்டு, செல்வியை என் கால்ல விழ விட மாட்டேன். அது அவ பேச்சு. தூக்கிக் கட்டிப் புடிச்சுக்கிருவேன். அப்புறம் அத்தை படத்துக்கு மாலையைப் போட்டுட்டு, ஒரு மூலையில உக்காந்து நல்லா அழுகணும். ஒரு வருசமா நான் அவங்களுக்கு அழுகவே இல்ல தாயி. சண்டை போட்டுக்கிட்டே இருந்தா எப்ப அழுகுறது?

உசிலம்பட்டி வந்துருச்சா? நிக்கட்டும். வெள்ளரிப்பிஞ்சு விக்கிறான், வேணுமா? வேணாமா? சரி. பேசிப் பேசித் தலை வலிக்குது. கொஞ்சம் கண்ணை மட்டும் மூடிக்கிறேன். தூங்க மாட்டேன், நீ பேசு. உங்கம்மா ஊரு தேனிதானா? பேசு, பேசு, எனக்குக் கேக்கும்.

ம்? என்னா? என்னா தாயி, ஏன் உலுக்குற? முழிச்சுத்தான இருக்கேன். ஆண்டிபட்டியா? அதுக்குள்ள எப்படி வந்துச்சு?

சேச்சே, தூங்கலை. கண்ணை மூடியிருந்தேன். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். அந்தப் பூக்காரம்மா இன்னும் கண்டக்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ உங்கம்மாவுக்குச் சர்க்கரை, காலு புண்ணு ஆற மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டு வந்த. வேப்பெலை போட்டுக் கழுவச் சொல்லணும்னு நான் நெனச்சேன், அதுக்குள்ள நீ உலுக்கிட்ட.

என்னது?

நீ பேசவே இல்லையா? ஒண்ணுமே சொல்லலையா? உங்கம்மாவுக்குச் சர்க்கரையே இல்லையா?

பூக்காரம்மா எங்க? உசிலம்பட்டியிலயே எறங்கிருச்சா?

இரு. என் தோளு ஏன் ஈரமா இருக்கு? முந்தானை பூரா ஈரம். மழையா? எங்க? ரோடு காஞ்சு கெடக்கே. கணவாய்லயா? பெருமழையா? ஜன்னலு தொறந்திருந்துச்சே, இந்த ஷட்டரை யாரு எறக்குனது? நீயா? என்னையத் தாண்டிக் கையை விட்டு எறக்குனியா?

எறக்குறதுக்கு முன்னாடி என்னையக் கூப்பிட்டியா?

என்னன்னு கூப்பிட்ட? அம்மான்னா?

எத்தனை தடவை?

இருங்க கண்டக்டரு, எறங்குறேன். விசிலை ஊதாதீங்க, எறங்குறேன். ஒரு நிமிசம்.

நீ பொய் சொல்ல மாட்ட. உனக்கு என்னா வந்துச்சு. நீ யாரோ, நான் யாரோ. பை எங்க? உள்ள கையை விட்டு நீயே எடு. ரிப்போர்ட்டைக் கேக்குறியா? அது வீட்டுல கெடக்கு. அந்தக் காகிதப் பொட்டணம். அதான். அதை நீ வச்சுக்க. சூடந்தான், உங்க வீட்டுல சாமிக்கு ஏத்து. எங்கிட்ட இருக்க வேணாம். எம் பிள்ளை பேரைச் சொல்லி அதுல கையை வைக்கப் பாத்தனே தாயி. பிடி, சும்மா பிடி.

செல்விகிட்ட நான் போயிச் சொல்லிக்கிறேன். என்னத்தைச் சொல்லுவேன்னு தெரியலை. போயி நின்னா வாயில வரும்.

ஏன் தாயி, கூப்பிட்டது கூப்பிட்ட, ஏன் அம்புட்டு மெதுவாக் கூப்பிட்ட? கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை, வாய்விட்டு, நல்லாச் சத்தமா? நான் பக்கத்துலதான படுத்திருந்தேன்.